எலும்பில் தங்கிய ஈயமும் அடங்காத இரத்த அழுத்தமும்

வாசகர் கடிதத்தின் சுருக்கம்

பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் இந்தக் கடிதத்தை எழுதியிருப்பவருக்கு வயது 69. பதினெட்டு வயதில் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டராகச் சேர்ந்து, 27 ஆண்டுகள் ஈய எழுத்துகளைக் கையால் கோத்தவர். கடைசிச் சில ஆண்டுகளில் தேய்ந்த எழுத்துகளை உருக்கி மறுபடி வார்க்கும் பொறுப்பும் அவரிடம் இருந்தது. கை கழுவாமல் உணவு எடுத்துக்கொண்டதும், உருக்கும் உலைக்கு அருகில் முகத்தை மூடாமல் நின்றதும் அப்போது எவருக்கும் தவறாகத் தோன்றவில்லை என்றும், யாரும் எச்சரித்ததில்லை என்றும் குறிப்பிடுகிறார். இருபது ஆண்டுகள் புகைபிடித்து, பிறகு விட்டுவிட்டார்.

அவருக்கு 56 வயதில் உயர் இரத்த அழுத்தம் கண்டறியப்பட்டது. இப்போது அம்லோடிபின், டெல்மிசார்ட்டான், குளோர்தாலிடோன் ஆகிய 3 மாத்திரைகள் எழுதப்பட்டிருந்தும் வீட்டில் பார்க்கும்போது 152/80 முதல் 166/84 வரை இருக்கிறது. சிறுநீரகத் திறனைக் காட்டும் கிரியாட்டினின் 1.4. வருடத்தில் சில தடவை கால் பெருவிரல் சிவந்து வீங்குகிறது. அப்போதெல்லாம் மருந்துக் கடையில் டைக்ளோஃபினாக் வாங்கி ஒரு வாரம், பத்து நாள் சாப்பிடுகிறார். உலோக நச்சு பற்றிப் படித்துவிட்டு ஒரு நலவாழ்வு மையத்தில் தலைமுடிப் பரிசோதனை செய்துகொண்டபோது ஈயம், காட்மியம், அலுமினியம் மூன்றும் மிக அதிகம் என்று முடிவு வந்திருக்கிறது. இருபது தடவை ட்ரிப்ஸ் ஏற்றினால் உலோகம் வெளியேறிவிடும், பிறகு மாத்திரையே தேவைப்படாது என்று அங்கே கூறியதை நம்பி, 6 வாரங்களாகக் குளோர்தாலிடோனை நிறுத்திவிட்டார்.

தன் இரத்த அழுத்தத்துக்கு ஈயம்தான் காரணமா, ட்ரிப்ஸ் ஏற்றிக்கொள்ளலாமா, மாத்திரைகளை விட்டுவிட முடியுமா என்று கேட்கிறார். மாதவிடாய் நின்ற பிறகு மனைவிக்கும் இரத்த அழுத்தம் வந்திருப்பதால், தன் வேலை உடைகளைத் துவைத்த அவருக்குத் தானே நோயைக் கொண்டுவந்துவிட்டேனா என்றும் கேட்கிறார். முடிவில், அச்சகம் மூடியபோது நினைவாக எடுத்து வந்த ஒரு மரப்பெட்டி எழுத்துகளை நான்கு வயதுப் பேரன் தரையில் பரப்பித் தன் பெயரைக் கோத்து விளையாடுவதாகவும், சில எழுத்துகளில் வெள்ளையாகத் தூள் பூத்திருப்பதாகவும் மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார்.

மருத்துவரின் பதில்

ஐயா அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கேள்விகளுக்குப் போகும் முன், நீங்கள் கேள்வியாகக் கேட்காத ஒரு செய்தியைத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த மரப்பெட்டியை இன்றே பேரனின் கைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றிவிடுங்கள். அச்செழுத்து என்பது ஈயத்தோடு ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்த உலோகம். அதில் பெரும்பங்கு ஈயம்தான். மரப்பெட்டியில் ஈரக்காற்றோடு பல ஆண்டுகள் கிடக்கும் எழுத்துகளின் மேல் பூக்கும் அந்த வெள்ளைத் தூள், ஈயம் அரித்து உண்டாகும் உப்பு. திட உலோகத்தை விட அது எளிதில் விரலில் ஒட்டும், வயிற்றில் எளிதில் கரையும். நான்கு வயதுக் குழந்தையின் விரல் எத்தனை முறை வாய்க்குப் போகும் என்பதை நீங்களே அறிவீர்கள். ஒரே அளவு ஈயம் வயிற்றுக்குள் போனால் சிறு குழந்தைகளின் உடல் பெரியவர்களின் உடலை விட 4 முதல் 5 மடங்கு வரை உறிஞ்சிக்கொள்ளக்கூடும். வளரும் மூளைக்கு இவ்வளவு வரை பாதுகாப்பு என்று சொல்லக்கூடிய ஈய அளவு எதுவும் அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

எழுத்துகள் பரப்பப்பட்ட தரையைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தனியாகக் கட்டிக் குப்பையில் சேர்த்துவிடுங்கள். பேரனுக்கு இரத்தத்தில் ஈய அளவு பார்க்கும்படி குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்; விரல் நுனியில் எடுத்த இரத்தத்தில் அளவு உயர்ந்து தெரிந்தால், சிரையிலிருந்து எடுத்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். உங்கள் வாழ்நாள் உழைப்பின் அடையாளமான அந்த எழுத்துகளைத் தூக்கி எறியச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையுறை அணிந்து, சிலவற்றை மட்டும் எடுத்துத் திறக்க முடியாதபடி கண்ணாடிச் சட்டத்துக்குள் அடைத்துச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். மற்றவற்றைப் பழைய அச்சுப் பொருள்களைப் பேணும் இடத்துக்குக் கொடுத்துவிடலாம். வீட்டிலேயே உருக்கிப் பார்க்கும் எண்ணம் மட்டும் வேண்டாம்.

நிறுத்திய மாத்திரையைப் பற்றி

இரண்டாவதாக அவசரமானது இது. ஆறு வாரமாக ஒரு மருந்து இல்லாமல் உங்கள் மேல் அழுத்தம் 160-ஐ ஒட்டி நிற்கிறது. இந்த வாரத்துக்குள் உங்கள் மருத்துவரைப் பாருங்கள். மற்ற இரண்டு மாத்திரைகளைக் கட்டாயம் தொடருங்கள். குளோர்தாலிடோனை நீங்களே மறுபடி தொடங்க வேண்டும் என்று நான் சொல்லாததற்கு ஒரு காரணம் உண்டு. அந்த வகை நீர் மாத்திரைகள் யூரிக் அமிலத்தை உயர்த்தக்கூடியவை; உங்கள் கால் பெருவிரல் வீக்கமோ கவுட் எனப்படும் யூரிக் அமில மூட்டு நோயின் இலக்கணத்தோடு அப்படியே பொருந்துகிறது. அதே மருந்தைக் குறைந்த அளவில் தொடர்வதா, வேறொன்றுக்கு மாற்றுவதா என்பதை யூரிக் அமிலம், சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு அவர் முடிவு செய்யட்டும். மருந்தை மாற்றுவதற்கு நியாயமான காரணம் உங்களிடம் இருக்கிறது, ஆனால் யாரிடமும் சொல்லாமல் நிறுத்துவதற்கு அது காரணமாகாது.

மாத்திரைகளை விட்டுவிட முடியுமா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஈயம் முழுக் காரணமாகவே இருந்தாலும், ஈயத்தை நீக்கினால் அழுத்தம் தானாக இறங்கிவிடும் என்ற எதிர்பார்ப்புக்கு உங்கள் வயதில் ஆதாரம் இல்லை. பல ஆண்டுகளாக விறைத்துப்போன தமனியும், வடிகட்டும் திறனில் ஒரு பங்கை இழந்துவிட்ட சிறுநீரகமும் உலோகம் வெளியேறியதால் மட்டும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அதற்கு மாறாக, மருந்தால் மேல் அழுத்தத்தை 10 புள்ளி குறைத்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்பது லட்சக்கணக்கானவர்கள் பங்கேற்ற சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெளிவாகியிருக்கிறது. அழுத்தம் எதனால் ஏறியிருந்தாலும் அதைக் குறைக்கும் மருந்துதான் இப்போது உங்கள் மூளைக்கும் இதயத்துக்கும் பாதுகாப்பு.

ஈயம்தான் காரணமா?

ஈயத்துக்கு இதில் பங்கு இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் முழுப் பழியையும் அதன் மேல் போட முடியாது. உங்கள் கேள்வியில் உண்மை இருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். உலோகத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் என்ன தொடர்பு என்று உங்களிடம் யாரேனும் கேட்டிருந்தால் அது சரியான பேச்சு அன்று. ஈயம், காட்மியம், ஆர்சனிக் ஆகிய மூன்றையும் இதய, இரத்தநாள நோய்களுக்கான ஆபத்துக் காரணிகளாகக் கருத வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2023-இல் வெளியிட்ட அறிவியல் அறிக்கை வலியுறுத்துகிறது. இரத்தத்தில் ஈயம் ஒரு டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்குக் குறைவாக இருக்கும்போதே பெரியவர்களின் இரத்த அழுத்தம் உயர்வதற்குப் போதிய சான்று இருப்பதாக அந்நாட்டின் தேசிய நச்சியல் திட்டம் 2012-இல் முடிவுக்கு வந்தது.

இது எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், பின்னால் நான் சொல்லப்போகும் ஆலோசனைகளின் காரணம் புரியும். இரத்தக் குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற பொருளைச் சுரந்து குழாயைத் தளர்த்திக்கொண்டே இருக்கிறது. ஈயம் உண்டாக்கும் ஆக்சிஜனேற்றச் சிதைவு அந்த நைட்ரிக் ஆக்சைடைச் செயல்படவிடாமல் செய்கிறது, அதனால் குழாய் இறுகுகிறது. உப்பையும் நீரையும் உடலில் பிடித்துவைக்கும் ரெனின்-ஆஞ்சியோடென்சின் அமைப்பும் கூடுதலாகத் தூண்டப்படுகிறது. இவற்றோடு ஈயம் சிறுநீரகத்தையும் மெல்ல மெல்லச் சேதப்படுத்துகிறது. சேதமடைந்த சிறுநீரகம் அழுத்தத்தை உயர்த்த, உயர்ந்த அழுத்தம் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கிறது.

வேலையை விட்டு இவ்வளவு ஆண்டுகள் ஆகியும் ஈயம் இன்னுமா இருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். இரத்தத்தில் இருக்கும் ஈயத்தின் அளவு ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகக் குறைந்துவிடும். ஆனால் கால்சியத்தின் இடத்தில் ஈயம் நுழைந்துகொள்ளக்கூடியது என்பதால் அது எலும்புக்குள் போய்ப் படிந்துவிடுகிறது. பெரியவர்களின் உடலில் இருக்கும் ஈயத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் எலும்பில்தான் இருக்கிறது. கடினமான எலும்பில் படிந்த ஈயம் பாதியாகக் குறைய 10 முதல் 30 ஆண்டுகள் வரை ஆகும். பாஸ்டன் பகுதியில் முன்னாள் படைவீரர்களை 1963 முதல் தொடர்ந்து கவனித்துவந்த ஓர் ஆய்வில், முதிய ஆண்களின் எலும்பில் இருந்த ஈயத்துக்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு இருப்பது 1996-இல் வெளியானது. ஆகவே பழைய வேலையைச் சந்தேகிப்பதில் தவறில்லை.

ஆனால் அளவையும் பார்க்க வேண்டும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இரத்த ஈயம் இரு மடங்கு ஆகும்போது மேல் அழுத்தம் சராசரியாக உயர்வது சுமார் ஒரு புள்ளி மட்டுமே. மக்கள்தொகை முழுவதும் ஒரு புள்ளி ஏறினால் அது பெரிய சுமைதான்; தனி மனிதர் ஒருவரின் 166-ஐ அது மட்டும் விளக்கிவிடாது. உங்களைப் போல நீண்ட காலம், அதுவும் உலைக்கு அருகில் நின்றவர்களுக்குப் பங்கு இதைவிடக் கூடுதலாக இருக்கலாம். இருந்தாலும் உங்கள் அளவுகளில் மேல் எண் மட்டும் உயர்ந்து கீழ் எண் பெரிதாக ஏறாமல் இருப்பது, வயதோடு தமனிகள் விறைக்கும் யாருக்கும் வரக்கூடிய வடிவம். இருபது ஆண்டுப் புகைப்பழக்கம், உணவில் உப்பு, பரம்பரை, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கம் ஆகியவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

உங்கள் கால் பெருவிரல் சொல்லும் செய்தி

கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோன பெருவிரல் வீக்கம்தான் மருத்துவராக என்னை நிறுத்திப் படிக்கவைத்தது. நீண்ட கால ஈயப் பாதிப்பு சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளியேற்றும் திறனைக் குறைக்கிறது. அதனால் உயர் இரத்த அழுத்தம், கவுட், சிறுநீரகத் திறன் குறைவு ஆகிய மூன்றும் ஒருவரிடம் சேர்ந்து வந்து, அவர் ஈயத்தோடு வேலை செய்தவராகவும் இருந்தால், ஈயத்தை நினைக்க வேண்டும் என்பது மருத்துவத்தில் மிகப் பழைய பாடம். கிரியாட்டினின் 1.4 என்பதைப் பார்த்து ஆய்வகத்தில் ‘சற்றே அதிகம்’ என்று விட்டிருப்பார்கள். 69 வயதில் அந்த எண் சிறுநீரகத் திறன் ஓரளவு குறைந்திருப்பதையே காட்டுகிறது. நீர் மாத்திரையும் யூரிக் அமிலத்தை ஏற்றியிருக்கும் என்பதால், இதை வைத்து மட்டும் ஈயம் என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் உங்கள் வேலை வரலாற்றை மருத்துவரிடம் சொல்லாமல் விட்டிருந்தால், அதைச் சொல்ல இதுவே தருணம். ‘ஓய்வுபெற்றவர்’ என்று எழுதும் இடத்தில் ‘27 ஆண்டு கம்பாசிட்டர், எழுத்து உருக்கியவர்’ என்று எழுதச் சொல்லுங்கள்.

இனி அந்த வலி மாத்திரையைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். டைக்ளோஃபினாக், ஐப்யூபுரூஃபன் போன்ற வலி நிவாரணிகள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி இரத்த அழுத்தத்தை உயர்த்துகின்றன. அழுத்த மருந்துகள் சிலவற்றின் பலனையும் குறைக்கின்றன. டெல்மிசார்ட்டான், நீர் மாத்திரை ஆகிய இரண்டோடு மூன்றாவதாக இந்த வலி நிவாரணியும் சேர்ந்தால், முதியவர்களின் சிறுநீரகம் சில நாள்களிலேயே திடீரெனச் செயலிழக்கக்கூடும். உங்கள் அழுத்தம் மூன்று மருந்துக்கும் அடங்காமல் போனதில் இந்த மாத்திரைக்குப் பங்கு இருக்கலாம், அது உங்கள் கையாலேயே நீக்கக்கூடிய பங்கும்கூட. அடுத்த முறை விரல் வீங்கும்போது கடைக்குப் போகாமல் மருத்துவரிடம் போங்கள். சிறுநீரகத் திறனுக்கு ஏற்ற அளவில் கொடுக்கக்கூடிய வேறு மருந்துகள் இருக்கின்றன. அடிக்கடி வருமானால் யூரிக் அமிலத்தை நிரந்தரமாகக் குறைக்கும் மருந்தைப் பற்றியும் பேசலாம். மூட்டு வலிக்கு என்று உலோகம் சேர்த்துத் தயாரித்த பொடிகளை யாராவது பரிந்துரைத்தால், உங்கள் வரலாறு உள்ளவர் அவற்றைத் தொடவே கூடாது.

முடிப் பரிசோதனையும் சரியான பரிசோதனையும்

தலைமுடியில் உலோகம் இருந்தால் அது உடலுக்குள்ளிருந்து வந்ததா, தூசி, சாயம், ஷாம்பு, தண்ணீர் வழியாக வெளியிலிருந்து ஒட்டியதா என்று பிரித்தறிய முடியாது. ஆய்வகத்துக்கு ஆய்வகம் முடிவும் மாறும். உங்களுக்கு வந்த அந்த முடிவை வைத்து எந்தச் சிகிச்சையையும் தொடங்கக் கூடாது. சில இடங்களில் உலோகத்தை இழுக்கும் மருந்தை முதலில் கொடுத்துவிட்டு, பிறகு சிறுநீரில் அளந்து, சாதாரண மனிதரின் அளவோடு ஒப்பிட்டு ‘அதிகம்’ என்று காட்டுவார்கள். அந்த மருந்தைக் கொடுத்தால் யாருக்குமே சிறுநீரில் உலோகம் கூடுதலாகத்தான் வரும். இந்த முறைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று அமெரிக்க மருத்துவ நச்சியல் கல்லூரி 2010-இல் வெளிப்படையாக அறிவித்திருக்கிறது.

நீங்கள் செய்துகொள்ள வேண்டியது, உலோக மாசு இல்லாத குழாயில் சிரையிலிருந்து எடுத்த இரத்தத்தில் ஈய அளவு. அது ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டி. உங்கள் வீட்டில் அந்தப் பெட்டி இருக்கும்வரை, உங்கள் கையிலும் பழைய மூலம் தொடர்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. பழைய வண்ணப்பூச்சைச் சுரண்டி எடுக்கும் வேலை வீட்டில் நடந்ததா என்றும் யோசியுங்கள். அளவு குறைவாக வந்தால் நிம்மதி கொள்ளலாம், ஆனால் ‘என் உடலில் ஈயமே இல்லை’ என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. இரத்த அளவு அண்மைக் காலத்தையே பெரிதும் காட்டும். எலும்பில் எவ்வளவு என்பதை அளக்கும் எக்ஸ்-ரே ஒளிர்வுக் கருவி சில ஆராய்ச்சி மையங்களில் மட்டுமே உண்டு, அந்த எண் தெரிந்தாலும் உங்கள் சிகிச்சை மாறப்போவதில்லை. இதோடு சிறுநீரில் ஆல்புமின் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று மருந்துக்கும் அடங்காத அழுத்தம் என்பதால், உடலில் உப்பைத் தேக்கும் ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன் மிகையாகச் சுரக்கிறதா என்ற இரத்தப் பரிசோதனையும் கேட்டுப் பெற வேண்டிய ஒன்று.

ட்ரிப்ஸ் ஏற்றிக்கொள்ளலாமா?

வேண்டாம் என்பதே என் தெளிவான பதில். இரத்தத்தில் ஈயம் மிக அதிகமாக, பொதுவாக 70 மைக்ரோகிராமைத் தாண்டியோ, 45-க்கு மேல் இருந்து தெளிவான நச்சு அறிகுறிகளோடோ வருபவர்களுக்கு உலோகத்தை இழுத்து வெளியேற்றும் கீலேஷன் சிகிச்சை உயிர் காக்கும் மருந்து. அதை நச்சியல் அறிந்த மருத்துவமனையில் கொடுக்க வேண்டும். நீங்கள் வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்ட நிலையில் அந்த அளவு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

அந்த மையத்தில் உங்களுக்குக் காட்டியது மாரடைப்பு வந்தவர்களிடம் இ.டி.டி.ஏ. என்ற கீலேஷன் மருந்தை ஏற்றிப் பார்த்த ஆய்வாக இருக்கலாம் என்று ஊகிக்கிறேன். 2013-இல் வெளியான அந்தச் சோதனையில் 1,708 பேர் பங்கேற்றார்கள், ஓரளவு பலனும் தெரிந்தது உண்மைதான். அதனால்தான் சர்க்கரை நோயும் மாரடைப்பும் சேர்ந்தவர்களிடம் அதை மறுபடி செய்து பார்த்தார்கள். 2024-இல் அதன் முடிவு வந்தது: இரத்த ஈயம் 61 விழுக்காடு குறைந்தது, ஆனால் மாரடைப்பு, பக்கவாதம், மரணம் முதலியவற்றில் மருந்து ஏற்றியவர்களுக்கும் வெறும் திரவம் ஏற்றியவர்களுக்கும் வேறுபாடு இல்லை. உலோகத்தின் எண் குறைவதும் நோய் குறைவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை. இரண்டு சோதனைகளுமே இரத்த அழுத்தத்தைக் குறைப்பதற்காக நடத்தப்பட்டவையும் அல்ல.

ஆபத்து பக்கமும் சிறியதல்ல. இந்த மருந்து ஈயத்தை மட்டும் தேர்ந்து இழுப்பதில்லை; துத்தநாகமும் கால்சியமும் சேர்ந்து போகும். தவறான வகை மருந்தையோ வேகமாகவோ ஏற்றினால் இரத்தக் கால்சியம் சரிந்து இதயம் நின்றுவிடக்கூடும். 2003-க்கும் 2005-க்கும் இடையில் அமெரிக்காவில் இப்படி மூன்று மரணங்கள் பதிவாகியுள்ளன. இழுக்கப்பட்ட உலோகம் வெளியேறும் வழி உங்கள் சிறுநீரகம்தான், அதுவோ ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது. இருபது தடவை ஏற்றி முடித்த பிறகும் எலும்பிலிருந்து ஈயம் மறுபடி இரத்தத்துக்குள் வந்துகொண்டே இருக்கும். முன்பணம் கட்டியிருந்தால் எழுத்து மூலம் கேட்டுத் திரும்பப் பெறப் பாருங்கள், ஆனால் பணம் போய்விடுமே என்பதற்காகப் போய் உட்காராதீர்கள்.

எலும்பைக் காப்பதே முதுமையில் ஈயத்துக்கு மருத்துவம்

ஈயம் எலும்பில் இருக்கிறது, எலும்பு கரையும்போது அதுவும் வெளியே வருகிறது. ஆகவே எலும்பு வேகமாகக் கரையும் சூழ்நிலைகளைத் தவிர்ப்பதுதான், ட்ரிப்ஸுக்கு மாற்றாக உங்களுக்கு நான் உண்மையில் தரக்கூடிய உலோகச் சிகிச்சை. நீண்ட நாள் படுக்கையில் கிடப்பது, தைராய்டு மிகையாகச் சுரப்பது, ஸ்டீராய்டு மாத்திரைகளைப் பல மாதம் சாப்பிடுவது, வைட்டமின் டி பற்றாக்குறை ஆகியவை எலும்பைக் கரைப்பவை. இடறி விழுந்து இடுப்பு முறிந்தால் இவற்றில் பல ஒரே சமயத்தில் வந்து சேரும். தினமும் நடப்பதும், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியும் எலும்பை வலுவாக வைப்பதோடு இரத்த அழுத்தத்தையும் இறக்கும். கால்சியத்தை முடிந்தவரை உணவிலிருந்தே பெறுங்கள். கால்சியமும் இரும்பும் குறைவாக இருக்கும் உடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். மாத்திரை தேவைப்பட்டால் தரச்சான்று உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், ஏனெனில் எலும்புத் தூளிலிருந்தும் சிலவகைச் சுண்ணாம்புப் பாறைகளிலிருந்தும் செய்த கால்சியப் பொருள்களில் ஈயமே இருந்ததுண்டு.

காட்மியத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அது பெரும்பாலும் புகையிலை வழியாக உங்களுக்குள் வந்தது. சிறுநீரகத்தில் பல்லாண்டுகள் தங்கும். அதை வெளியேற்றிப் பயன் தரும் மருந்து என்று நிறுவப்பட்டது எதுவும் இல்லை. புகையை விட்டதன் மூலம் செய்யக்கூடியதைச் செய்துவிட்டீர்கள், வீட்டில் மற்றவர் புகைத்தால் அதையும் நிறுத்தச் செய்யுங்கள். முடியில் கண்ட அலுமினியத்தை மறந்துவிடலாம். குடிநீரைக் கொதிக்கவைத்தால் உலோகம் போய்விடும் என்று பலரும் நம்புகிறார்கள். கொதிக்கும்போது நீர் ஆவியாகும், உலோகம் அப்படியே இருந்து செறிவு சற்றுக் கூடவே செய்யும். பழைய குழாய்கள் உள்ள வீடானால் காலையில் முதலில் வரும் நீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்காமல் விடுங்கள். சந்தேகம் இருந்தால் ஈயத்துக்கும் ஆர்சனிக்குக்கும் நீரைப் பரிசோதித்துவிட்டு ஆர்.ஓ. கருவியைப் பற்றி முடிவெடுங்கள்.

மருத்துவரிடம் எடுத்துச் செல்ல வேண்டிய எண்கள்

நீங்கள் அனுப்பிய அளவுகள் வெவ்வேறு நேரங்களில், சில நடந்து வந்தவுடனும் சில வலி மாத்திரை சாப்பிட்ட நாள்களிலும் எடுக்கப்பட்டவை என்பதால் அவற்றை வைத்து மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஏழு நாள்களுக்குக் காலையில் மாத்திரைக்கு முன்னும் மாலையிலும், முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு, மேல்கையில் கட்டும் கருவியால் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுங்கள். முதல் நாள் அளவுகளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பாருங்கள். வீட்டில் அது 135/85-ஐ எட்டினாலே உயர்வு என்று கொள்ள வேண்டும். ஒரு நாள், எழுந்து நின்ற 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். நிற்கும்போது மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் சரிந்தால் மருந்தை மெதுவாகத்தான் கூட்ட வேண்டும், விழுந்துவிடும் ஆபத்தை நான் முன்பு சொன்ன எலும்புக் கதையோடு சேர்த்துப் பாருங்கள். உப்பை நாளுக்கு 5 கிராமுக்குள் கொண்டுவாருங்கள். பொட்டாசியம் கலந்த மாற்று உப்பு பலருக்கு நல்லது என்றாலும், டெல்மிசார்ட்டானும் தளர்ந்த சிறுநீரகமும் உள்ள நீங்கள் மருத்துவரைக் கேட்காமல் அதை வாங்கக் கூடாது.

உங்கள் மனைவியைப் பற்றி

இந்தக் கேள்வியை நீங்கள் எவ்வளவு வருத்தத்தோடு எழுதியிருக்கிறீர்கள் என்பது தெரிகிறது. உங்களை ஆறுதல்படுத்துவதற்காக உண்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஈயத் தொழிலாளர்களின் உடையிலும் காலணியிலும் தலைமுடியிலும் ஒட்டிவரும் தூசி வீட்டாரைப் பாதிக்கும் என்பது நன்கு அறியப்பட்டது. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாகக் கரையும் ஆண்டுகளில், அதில் தங்கியிருந்த ஈயம் இரத்தத்துக்குத் திரும்புவதும் உண்டு. அமெரிக்காவில் 40 முதல் 59 வயதுவரை உள்ள பெண்களிடம் நடந்து 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், இரத்த ஈயத்துக்கும் உயர் அழுத்தத்துக்கும் இருந்த தொடர்பு மாதவிடாய் நின்றவர்களிடம் வலுவாக இருந்தது. ஆனால் ஈயத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத வீடுகளிலும் அந்த வயதில் மிகப் பல பெண்களுக்கு இரத்த அழுத்தம் வருகிறது. அவருக்கு வந்தது எதனால் என்று எந்தப் பரிசோதனையும் பிரித்துச் சொல்லிவிடாது. ஈயம் நஞ்சு என்பதை மருத்துவம் நெடுங்காலமாக அறிந்திருந்தது. அதை உங்களுக்குச் சொல்லி, கை கழுவ இடமும் மாற்று உடையும் தந்திருக்க வேண்டியது உங்களை வேலைக்கு வைத்தவர்களின் கடமை. யாரும் சொல்லித் தராததை அறியாமல் இருந்ததற்காக நீங்கள் குற்றவாளி ஆகமாட்டீர்கள்.

அவருக்கும் ஒருமுறை இரத்தத்தில் ஈய அளவு, கிரியாட்டினின், வைட்டமின் டி பாருங்கள். மாதவிடாய் நின்று இத்தனை ஆண்டுகள் ஆன பெண் என்பதால், ஈயம் இருக்கிறதோ இல்லையோ, எலும்பு அடர்த்தி ஸ்கேன் ஒன்று அவருக்குத் தேவை. எலும்பு மெலிந்திருப்பதாக முடிவு வந்து மருத்துவர் மருந்து எழுதினால், தொந்தரவு ஒன்றும் இல்லையே என்று தள்ளிப்போடாமல் அவரைச் சாப்பிடச் செய்யுங்கள். எலும்பு முறிவைத் தடுப்பதுதான் அந்த மருந்தின் நோக்கம். எலும்பு கரைவது குறையும்போது அதில் ஈயம் இருந்தாலும் அது அங்கேயே தங்கிவிடும். உங்கள் இருவரின் இரத்த முடிவுகளும் பேரனின் முடிவும் வந்தபின் அவற்றை அனுப்பிவையுங்கள்; பேரனின் அளவு 5 மைக்ரோகிராமைத் தொட்டிருந்தால் எனக்கு எழுதிக் காத்திருக்காமல் அன்றே குழந்தை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.